சம்பா கோவிலின் சுவர்கள்

சின்ன வயதில் சம்பா கோவில் என்றால் சம்பா அரிசிக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு மிராசுதார் சம்பா நெல்லை மூட்டை மூட்டையாக எழுதிவைத்துக் கட்டிய கோவில் என்று நானாகவே ஒரு கதையும் கட்டி வைத்திருந்தேன். எங்கள் ஆயாவிடம் கேட்டபோது, "அதுக்குப் பேரே அதாண்டா, போயி முட்டி போட்டு செபம் சொல்லு" என்று முடித்துவிட்டார். ஆயாவுக்குக் கோவில் என்பது பூசை, பிரசங்கம், நன்மை, பிறகு வெளியே வந்து தெரிந்தவர்களோடு அரை மணி நேரம் பேச்சு, அவ்வளவுதான். பெயர் எங்கிருந்து வந்தால் என்ன?

புதுச்சேரிக்காரர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். மிஷன் வீதியில் இருக்கிற ஜென்மராக்கினி மாதா பேராலயம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பும் வெள்ளையுமான திரு இருதய ஆண்டவர் கோவிலில் படம் எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருக்கிற கப்ஸ் கோவிலையும் பார்த்துவிட்டு, இதை ஆட்டோவிலிருந்தே தாண்டிப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்கிறதே.

சரி, பெயருக்கு வருகிறேன். கோவாவில் சேசு சபை (ஜெசூயிட்) குருக்களின் பெரிய கல்லூரி புனித பவுல் பெயரில் இருந்தது. போர்த்துகீசியத்தில் சாவ் பாவுலு. அதனாலேயே கீழை நாடுகள் முழுக்க அந்தச் சபையாரை 'பவுல்காரர்கள்' என்கிற மாதிரி அழைக்கும் வழக்கம் வந்தது. புதுச்சேரியில் அவர்கள் கட்டிய கோவிலும் அந்தப் பெயரிலேயே ஓடியது, நம் வாயில் அது சம்பாவுலு ஆகி, கடைசியில் சம்பாவாகத் தேய்ந்து நின்றுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது நிற்கும் கட்டடம் பவுலுக்கு நேர்ந்துகொண்டது இல்லை, மாதாவுக்கு உரியது. அதைக் கட்டி முடித்தவர்களும் சேசு சபையார் இல்லை. அவர்கள் போய் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்களுடைய பட்டப்பெயர் மட்டும் ஆட்டோக்காரர் வாயில் உயிரோடு இருக்கிறது. பலகையில் இருப்பது ஒன்று, ஊர் சொல்வது ஒன்று.

சேசு சபையார் இங்கே வந்தது 1689-ல். அதற்கு முந்தைய வருஷம் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தது, அந்த அலையில் ஒதுங்கிய இடங்களில் ஒன்று புதுச்சேரி. பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் அப்போதுதான் இந்த ஊரை ஊராக்கிக்கொண்டிருந்தார். தானப்ப முதலியார் என்கிற கிறிஸ்தவர், ஞானஸ்நானப் பெயர் லாசர், கொடுத்த தோட்டத்தில் அவர்கள் குடியேறினார்கள். 1692-ல் முதல் கோவில் எழும்பியது. பதினான்காம் லூயி மன்னனின் பணமும் அதில் இருந்தது என்பார்கள். அடுத்த வருஷமே, 1693-ல், டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், கோவில் போயிற்று. ஒரு வருஷம்கூட முழுசாகப் பூசை நடந்திருக்குமோ என்னவோ.

டச்சுக்காரர்கள் 1699-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவசரமாக இன்னொன்று கட்டினார்கள், அது நெடுநாள் தாங்கவில்லை. மூன்றாவதுதான் பெரிய கோவில். 1728-ல் ஆரம்பித்து 1736-ல் முடித்தார்கள். இந்த மூன்றாவது கோவிலைத்தான் நமக்கு உள்ளும் புறமும் தெரியும், காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை. அது கட்டி முடிந்த அதே 1736-ல் அவர் நாட்குறிப்பு எழுத ஆரம்பிக்கிறார், 1761 வரைக்கும் எழுதுகிறார். வியாபாரம், கப்பல், கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரை சொன்னது, துரைசானி செய்தது, யார் வீட்டில் கல்யாணம், யார் யாருக்குப் பாக்கி என்று எதையும் விடுவதில்லை. நடுநடுவே 'சம்பா கோவில் பாதிரிகள்' தலைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குச் சம்பா கோவில்காரர்கள் மேல் பிரியம் கிடையாது, அதற்குக் காரணமும் இருந்தது. அவருடைய நெருங்கிய உறவினர் நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவர். 1716-ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், அடுத்த வருஷம் அங்கேயே செத்துப் போனார். அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று கவர்னரைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் சேசு சபையார். ஆகவே பிள்ளை இவர்களைப் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது, குடும்பத்தில் ஒரு பழைய காயம் இருப்பவர் எழுதுகிறார் என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. அவ்வளவு விவரமாக எழுதுகிற ஆள்.

நான் அந்த நாட்குறிப்பைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது கோவில் கட்டடத்துக்காக. தூண் எத்தனை, கூரை எப்படி, மணி எங்கே இருந்தது என்று ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைத்தது ஒரு சுவர்.

1745 அக்டோபரில் எழுதுகிறார். கோவிலுக்குள்ளே வடபக்கமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் (ஐரோப்பிய இந்தியக் கலப்பினத்தார்) வெள்ளைக்காரர்களும். ஒரே பூசை, ஒரே பீடம், நடுவே சுவர். காரைக்காலில் இருந்து ஒரு சாமியார் வந்திருக்கிற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் துணிந்து பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களை மட்டும் எதற்காகத் தள்ளி வைக்கிறீர்கள் என்கிற கேள்வி. அவரிடம் பதில் இல்லை. எல்லாரும் என் பிள்ளைகள்தான், யாரும் எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள் என்று சொல்லிச் சுவரை இடிக்க வைத்தார்.

இதற்கு முந்தைய வருஷம், 1744-ல்தான், ரோமில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் 'மலபார் சடங்குகள்' பற்றிய, அதாவது கிறிஸ்தவரானவர்கள் உள்ளூர் வழக்கங்களில் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்கிற, நீண்ட சண்டைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார். அந்தச் சண்டையின் ஆரம்பமும் இந்த ஊர்தான். 1703-ல் ரோமிலிருந்து தூதராக வந்த தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் நோய்வாய்ப்பட்டுப் பல மாதம் படுத்திருந்தார். படுக்கையில் இருந்தபடியே விசாரித்து, 1704-ல் ஒரு தடைப் பட்டியல் போட்டார். தாலியில் எந்த உருவம் இருக்கலாம், ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடலாமா, சாகக் கிடக்கிற ஒரு பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தை (கடைசி நேரப் பூசுதல்) கொடுக்கச் சாமியார் மறுக்கலாமா என்பதெல்லாம் அதில் வருகிறது. கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அதைத் தடை போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அதே நாட்களில் பிள்ளை எழுதும் இன்னொரு காட்சியும் உண்டு. கனகராய முதலியார் உறவுக் குடும்பத்து இளம்பெண் ஒருத்தி மெல்லிய மஸ்லின் சேலை, நகை, வாசனை எல்லாமாகப் பூசைக்கு வந்து பீடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள். பிரசங்கம் செய்துகொண்டிருந்த சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையில் இருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா தாசியா என்கிற மாதிரி கேட்டிருக்கிறார். சுவரை இடித்த கையோடு இதுவும். சாதிக் கிறிஸ்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பியதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யோசனை. மறு ஞாயிறு பூசைக்கு வந்தாளா?

கனகராய முதலியார் சும்மா ஆள் இல்லை. கம்பெனியின் தலைமைத் துபாஷ், ஊரிலேயே பெரிய கிறிஸ்தவர். 1739-ல் மகன் இறந்து போனான், அவன் நினைவாக ஒழுகரையில் புனித அந்திரேயருக்கு ஒரு கோவில் கட்டி, 1745 நவம்பர் 30 அந்திரேயர் திருநாளன்று திறந்தார். ரெட்டியார்பாளையம் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். அந்த விருந்தையும் பிள்ளை விடவில்லை. துய்ப்ளேக்ஸ் மனைவியோடு வந்திருக்கிறார், ஊரில் இருக்கிற எல்லா வகுப்பாருக்கும் அழைப்பு, ஆனால் ஒவ்வொரு வகுப்பாருக்கும் அவரவர் சமையற்காரர், அவரவர் இடம். கோவிலுக்குள் ஒரு மாதத்துக்கு முன்பு சுவர் இடிந்த அதே வருஷம். ஊர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் பத்திரமாக இருந்தன என்பதற்குப் பந்திதான் சாட்சி. முதலியார் சில மாதத்தில், 1746 பிப்ரவரியில், காலமானார்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். எங்கள் பங்கிலேயே சிலருக்குப் பிடிக்காது, வெளியே சிலர் இதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். ஆனால் சுவர்களைப் பற்றி எழுதிவிட்டு அந்தச் சுவரை மட்டும் விட்டால் அது யோக்கியமாக இருக்காது.

சம்பா கோவிலை ஒட்டி, மதிலுக்கு மதிலாக, வேதபுரீஸ்வரன் கோவில் இருந்தது. ஊரின் பழைய சிவன் கோவில். அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது சேசு சபையாரின் நீண்ட நாள் ஆசை. மார்த்தேன் காலத்திலேயே நெருக்கிப் பார்த்தார்கள், ஊர் ஜனங்கள் நாங்கள் ஊரைவிட்டே கிளம்புகிறோம் என்றதும் மார்த்தேன் பின்வாங்கினார். நெசவாளியும் வியாபாரியும் போய்விட்டால் கம்பெனிக்கு என்ன மிச்சம்? அப்புறம் பல பத்தாண்டு இழுபறி. 1746-ல் சம்பா கோவில் வளவுக்குள்ளிருந்து அசிங்கம் நிறைந்த சட்டியைச் சிவன் கோவிலுக்குள் வீசினார்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. சின்னப் பிள்ளைகள் மாதிரி.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பொஸ்காவன் ஊரை முற்றுகை இட்டிருந்தார். யுத்த நேரம், கவர்னர் வைத்ததே சட்டம். அந்த நேரத்தைப் பார்த்து வேதபுரீஸ்வரன் கோவிலை இடித்தார்கள். பொறியாளர், கொத்தர், மண்வெட்டிக்காரர் எல்லாரும் போனார்கள், சாமியார்களும் கூடவே போனார்கள். சேசு சபைப் பெரியவர் கேர்து கர்ப்பகிருகத்தின் கதவைக் காலால் உதைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். வாகனங்களை உடைத்தார்கள் என்றும் எழுதுகிறார். மகாநாட்டார், அதாவது ஊர்ச் சாதித் தலைவர்கள், ஓடி வந்து முறையிட்டபோது, நீங்கள் முன்பே ஒற்றுமையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று பிள்ளை அவர்களையே கடிந்துகொண்டிருக்கிறார். துய்ப்ளேக்ஸின் மனைவிதான் இதற்குப் பின்னால் இருந்தார் என்பது அவர் எண்ணம். முற்றுகை அடுத்த மாதமே முடிந்துவிட்டது. பொஸ்காவன் ஊரைப் பிடிக்காமலே போய்விட்டார். இடித்தது இடித்ததுதான். வேதபுரீஸ்வரர் பிற்பாடு வேறு இடத்தில் எழுந்தார், இன்று ஈஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிறார்.

இந்தக் கேர்து யார் என்று பிறகு தேடினேன். முரட்டு ஆள் என்று நினைத்துத்தான் தேடினேன். ஆனால் மனிதர் பெரிய அறிஞர். கோரமண்டல் துணிக்குச் சாயம் ஏற்றும் முறையை இங்கிருந்த சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1742-ல் பிரான்சுக்கு எழுதியவர். சமஸ்கிருதச் சொற்களும் லத்தீன், கிரேக்கச் சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை போல இருக்கின்றன என்று 1760களிலேயே பாரீஸ் அகாதமிக்கு எழுதியவர். அதே கருத்தைக் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னது 1786-ல், பெயரும் அவருக்குத்தான் போயிற்று. சொல்லின் வேரைத் தேடத் தெரிந்தவர் பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தார். 1779-ல் இதே ஊரில் இறந்தார். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரிய கோவிலும் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் 1760-ல் மறுபடி ஊரைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே பட்டினி. 1761 ஜனவரி 12-ல் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார், 16-ல் புதுச்சேரி விழுந்தது. நாலே நாள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர் புனித டேவிட் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கியிருந்தார், அந்தக் கணக்குக்குப் பதிலாக ஆங்கிலேயர் இந்த ஊரையே தரைமட்டம் ஆக்கினார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, வீடுகள், அதோடு சம்பா கோவில். பிள்ளை இருந்து பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன்.

1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியது. இப்போது நாம் பார்க்கிற கட்டடத்தை 1770-ல் பழைய இடத்திலேயே ஆரம்பித்தார்கள். முடிந்தது 1791-ல். இருபத்தொரு வருஷம். ஏன் இவ்வளவு என்று கேட்டால், நடுவில் நடந்ததைப் பாருங்கள். 1773-ல் பாப்பரசரே சேசு சபையைக் கலைத்துவிட்டார். 1776-ல் இந்த மிஷன் பாரீஸ் வேதபோதக சபையார் கைக்கு மாறியது. 1778-ல் மறுபடி ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து ஏழு வருஷம் வைத்திருந்தார்கள். கட்டுபவர் மாறி, சபை மாறி, ஆட்சி மாறி, கோவில் மட்டும் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. 1791-ல் சாம்ப்னுவா ஆயர் மந்திரித்துத் திறந்தபோது பிரான்சில் புரட்சி வந்து, கோவில் சொத்துகளைத் தேசத்தின் சொத்து என்று எடுத்தாகிவிட்டது.

முகப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரீசில் இருக்கிற வால் த கிராஸ் கோவிலைப் பார்த்து அமைத்தது என்பார்கள். அது ஆஸ்திரியாவின் ஆன் அரசி, இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளை இல்லாமல் இருந்து 1638-ல் பதினான்காம் லூயி பிறந்ததற்கு நேர்ச்சையாகக் கட்டியது. நம் ஊரில் வேண்டுதல் பலித்தால் தொட்டில் கட்டுவார்கள், ராணி கோவிலே கட்டினாள். வரைபடம் முதலில் பிரான்சுவா மான்சார் என்பவருடையது. நம் கோவில் திறந்த சில வருஷத்திலேயே பாரீசில் அந்தக் கட்டடத்தை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள்.

இந்த வகை முகப்புக்கு மூதாதை ரோமில் இருக்கிற சேசு சபைத் தாய்க்கோவில், பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கணக்கு எளிது. நடுக்கூடம் உயரம், இரண்டு பக்க நடைகளும் தாழ்வு. அப்படியே முன்னால் சுவர் வைத்தால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் தோள் தொங்கியது மாதிரி இருக்கும். ஆகவே முகப்பை இரண்டு அடுக்காகப் பிரித்து, கீழடுக்கை அகலமாகவும் மேலடுக்கைக் குறுகலாகவும் வைத்து, உச்சியில் ஒரு முக்கோணம் போட்டுவிடுவார்கள். நம் கோவிலில் கீழே இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள் தோரிய வகை, அதாவது தலைப்பகுதியில் அலங்காரம் இல்லாமல் பட்டையாக இருக்கும். மேலே இருப்பவை அயோனிய வகை, தலையில் ஆட்டுக்கொம்பு சுருண்டது மாதிரி இருபுறமும் சுருள். கனமானது கீழே, மெல்லியது மேலே என்பது பழைய ரோமானிய வழக்கம். ஒரு தடவை தெரிந்துகொண்டால் பிறகு எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கண் தானாகத் தூணின் தலைக்குப் போகும், கூட வருகிறவர்களுக்கு அலுத்துவிடும், என் வீட்டில் அலுத்துவிட்டது.

வெளியே இவ்வளவு பிரெஞ்சாக இருந்தாலும் உடம்பு நம் ஊர்தான். செங்கல், சுண்ணாம்பு, நம் கொத்தனார் கை. பாரீசில் செதுக்கிய கல்லில் செய்ததை இங்கே சுண்ணாம்புச் சாந்தில் இழைத்துக் கொண்டுவந்தார்கள். பாரீஸ் கோவிலின் அந்தப் பெரிய குவிமாடமும் இங்கே வரவில்லை. உள்ளே நடுவில் இருப்பது அடக்கமான ஒன்று, அதில் எட்டு வட்டத் துவாரம். எனக்குக் கோவிலில் பிடித்த இடமே அதுதான். வெளிச்சம் அந்தத் துவாரங்கள் வழியாகத் துண்டு துண்டாக இறங்கும். பாட்டுக்குழுவினர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடினால் வளைவுக் கூரையில் சத்தம் உருண்டு திரும்பி வரும், ஒலிபெருக்கி வைத்துப் பாடினால் ஒரு வார்த்தையும் புரியாது. 1770-ல் வரைந்தவர்கள் மைக்கை நினைத்து வரையவில்லை, பாவம்.

இன்னொன்று. அமலோற்பவம், அதாவது மாதா ஜென்மப் பாவம் இல்லாமல் உற்பவித்தாள் என்பது, திருச்சபையின் விசுவாசச் சத்தியமாக அறிவிக்கப்பட்டது 1854-ல்தான். இந்தக் கோவில் அதற்கு அறுபத்து மூன்று வருஷம் முன்பே ஜென்மராக்கினி மாதா என்று அந்தப் பெயரைத் தாங்கிவிட்டது. டிசம்பர் 8 திருநாள். மழை காலம், தேர் கிளம்புமா கிளம்பாதா என்று வானத்தைப் பார்ப்பதும் திருநாளின் ஒரு பகுதி. 1886-ல் புதுச்சேரி உயர் மறைமாவட்டம் ஆனது முதல் பேராலயமும் இதுதான்.

வெள்ளைக்காரர்களுக்கு எப்போதும் தனிக் கோவில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்புச்சின் சபையார் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், அதனால்தான் கடற்கரைப் பக்கம் இருக்கிற சம்மனசுகளின் மாதா கோவிலுக்குக் கப்ஸ் கோவில் என்று பெயர். இப்போதைய கட்டடம் 1855-ல் முடிந்தது, உட்சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பளபளப்பு இன்னும் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நாம். ஊரே இரண்டாக இருந்தது, கோவிலும் இரண்டு.

1745-ல் இடித்த சுவரோடு விஷயம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. செங்கல் போனாலும் இடம் பிரிந்துதான் இருந்தது, தமிழ்க் கத்தோலிக்கக் கோவில்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இது சாதாரணம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1870களில் சாதிக்கு ஒரு கூடமாக இரண்டு கூடம் வைத்து, இரண்டும் ஒரே பீடத்தில் சேர்கிற மாதிரி, மேலிருந்து பார்த்தால் கால்சட்டை வடிவத்தில் ஒரு கோவிலே கட்டினார்கள். கட்டடக் கலையில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு உலகத்தில் வேறெங்காவது உண்டா தெரியாது. 1910 வாக்கில் அதன் நடுச்சுவரைச் சாமியார் இடித்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோவிலுக்குள் சுவர் வேண்டும் என்று கேட்டு வழக்கு! அது தள்ளுபடி ஆனது. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சுவர் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. செத்த பிறகு யார் யாரைத் தொட்டுவிடப் போகிறார்கள்?

போன மாதம் விழுப்புரத்திலிருந்து என் தம்பி மகன் வந்திருந்தான், கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறான். கோவிலுக்குக் கூட்டிப் போனேன். தூண், வளைவு எல்லாம் அவனே எனக்குச் சொன்னான், நான் சுவர்க் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தச் சுவர் எங்க இருந்துச்சு பெரியப்பா?" என்றான்.

அந்தச் சுவர் இருந்த கட்டடமே இல்லையடா, இது அதே மண்ணில் வந்த வேறு கட்டடம் என்றேன். அவன் விடவில்லை. வடக்குப் பக்கம் எது என்று கைப்பேசியில் பார்த்து, அந்தப் பக்க நடையில் முன்னும் பின்னும் நடந்து, ஒரு சுவர் வைத்தால் பீடம் தெரிகிற மாதிரி எங்கே வைக்க முடியும் என்று கையை நீட்டி நீட்டி அளந்தான். "இங்க வெச்சா பீடம் பாதிதான் தெரியும்" என்றான். அங்கே போய் நின்று பார்த்தேன். எங்கள் ஆயா எப்போதும் மண்டியிடுகிற இடத்துக்கு நாலு பெஞ்சு தள்ளி.

அதற்குள் கோவில்பிள்ளை சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். மத்தியானம் சாத்துகிற நேரம். "இன்னும் அஞ்சு நிமிஷம் அண்ணே" என்று கேட்டுக்கொண்டேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்று எதிர்ப்பக்கக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார்.